மிளகாய்க் கிடங்கில் மூன்று காட்சி

பேய்க்குத் தும்மல் வரக்கூடாது
என்பதுதான் ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை.

எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தெரியாது
தம்புச் செட்டித் தெருவுக்குப் பின்னால்
இந்தக் கிடங்கில்
எத்தனை வருஷம் குண்டூர் மிளகாய் இறங்கியதென்று.
சுண்ணாம்பு அடித்தார்கள், கருப்புத் துணி போர்த்தினார்கள்.
புகை மிஷின் ஒரு மூச்சு விட்டால் போதும்,
சுவர் தன் காரத்தைக் கக்கிவிடும்.

நான் நான்காம் நம்பர் பேய்.
கப்பல் ஏறப்போன ஆயா,
மசூலாப் படகு கவிழ்ந்து செத்தவள்.
பெயர் வைக்கவில்லை.
துரைசானிக்குப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு,
கையில் மெழுகுவத்தி உண்டு,
டிக்கெட்டில் படம் உண்டு.
அவள் குழந்தையை நான் தூக்கிக்கொண்டு
மூழ்க வேண்டும்
ஒன்பதுக்கு, ஒன்பது நாற்பதுக்கு, பத்து இருபதுக்கு.

ஐஸில் ஊறிய கையுறை,
பின்கழுத்தில் இரண்டு விரல்.
அதற்குமேல் தொட அனுமதி இல்லை.
ஹெட்போன் மாட்டிய பன்னிரண்டு பேர்
ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி
'கறுப்பர் நகரம்' என்று குரல் சொல்லும்போது
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
கூரையைப் பார்க்கிறார்கள்.
காலரா என்றால் பச்சை விளக்கு.
பஞ்சம் என்றால் விளக்கே இல்லை,
யாரோ தட்டைச் சுரண்டும் சத்தம் மட்டும்.
அது என் வீட்டுத் தட்டு.
ஒலிப்பதிவன்று மறந்து விட்டுவந்தது,
இன்னும் திரும்பி வரவில்லை.

பகலில் எனக்கு மண்ணடியில் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
"வெறும் வயிறா?" என்று கேட்கும் வேலை.
ராத்திரி அதே தொண்டையில்
"என் குழந்தையைப் பார்த்தீங்களா?"

ஒரு சனிக்கிழமை, கடைசிக் காட்சி.
எனக்கும் துரைசானிக்கும் நடுவே
ஓர் ஆள் வந்து நின்றார்.
நீலக்கட்டம் லுங்கி. தோளில் மடித்த சாக்கு.
கையில் மூட்டைக் கொக்கி.
பன்னிரண்டு பேரும் அலறிய அலறலில்
துரைசானி மெழுகுவத்தியைப் போட்டுவிட்டாள்.
ஒரு பெண் அப்படியே உட்கார்ந்தாள்.
ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கிய ஒருவன்
அங்காளம்மா என்றான்.

அவர் கேட்டது இவ்வளவுதான்:
"மோட்டார நிறுத்துங்கம்மா, தூங்க முடில.
நாலு மணிக்கு லோடு வருது."

எத்திராசுலு.
பத்தொன்பது வருஷம் இதே கிடங்கில் மூட்டை இறக்கியவர்.
கிடங்குக்குப் பேய் குடிவந்ததில்
படுக்கை பின்படிக்கு மாறியிருந்தது.

இயக்குநர் நிர்மல்தாஸ் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.
தினமும் வர முடியுமா, நடிக்கவே வேண்டாம்,
இதே மாதிரி நின்றால் போதும்.
எத்திராசுலு கொஞ்சம் யோசித்தார்.
"செத்துட்டேன்னு சொல்லணுமா?"
"அதெல்லாம் வேண்டாம். அவங்களே நினைச்சுக்குவாங்க."
"அப்ப ராத்திரி ரேட்டு. ஒண்ணரைக் கூலி. டீ தனி."

மூன்று நாள் வந்தார்.
ஊர் முழுக்க அவரைப் பற்றித்தான் பேச்சு.
நான்காம் நாள் நாசிக் வெங்காயம்
எட்டரைக்கே வந்துவிட்டது,
பேயைவிட வெங்காயம் கனமென்று போய்விட்டார்.

இருநூறு ரூபாய்க்கு லுங்கியை மட்டும் வாங்கி
வைக்கோல் பொம்மைக்குக் கட்டினார்கள்.
ஒருவரும் அலறவில்லை.
ஒரு பையன் அதன் வயிற்றில் குத்திப் பார்த்தான்.

அன்றிரவு முகத்துச் சாம்பலை
பாதி துடைத்துப் பாதி விட்டு
பின்வாசலால் இறங்கினேன்.
படியில் வெங்காயச் சருகு ஒட்டிய முதுகு,
சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது.
மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
சுவிட்ச் எங்கே என்று எனக்குத் தெரியும்.

அணைந்ததும் வந்தது
மூன்று காட்சியாய் அடக்கிவைத்த தும்மல்.

"நூறு" என்றது முதுகு.

இன்னொன்று.

"இருநூறு.
போய்ச் சேரும்மா, கடைசி ரயில் போயிடும்."